தலைப்புப் பக்கம் மட்டும் தனியாக விற்கிறார்கள், வாங்கலாமா? (ஜான் பேக்ஃபோர்டு பற்றியும் ஒரு கேள்வி)

ஏட்டுச்சுரைக்காய் | திங்கள், காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். சின்னக் கேள்வி ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த பெரிய கேள்வி ஒன்று.

சனிக்கிழமை ஒரு பழைய புத்தகக் கடையில் ஒற்றைத் தாள் ஒன்றைப் பார்த்தேன். 1764இல் லண்டனில் அச்சான ஏதோ பிரசங்க நூலின் தலைப்புப் பக்கம். அந்தப் பக்கம் மட்டும்தான், புத்தகம் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எழுநூறு ரூபாய் என்று ஒட்டியிருந்தார்கள். "சட்டம் போட்டு மாட்டினால் கூடத்துக்கே களை வந்துவிடும்" என்றார் கடைக்காரர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தலையை மட்டும் வாங்கி வருவது போல மனம் கூசியது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்தத் தனித்தாள் சேகரிப்பு எங்கே தொடங்கியது என்று படிக்கப்போனால் ஜான் பேக்ஃபோர்டு என்ற பெயரில் போய் முட்டிக்கொண்டேன். 1650 வாக்கில் பிறந்து 1716இல் இறந்த லண்டன்காரர். தொழில் செருப்புத் தைப்பது. இவர் நூலகம் நூலகமாகப் போய் அரிய நூல்களின் தலைப்புப் பக்கங்களைக் கிழித்து எடுத்து ஆல்பங்களில் ஒட்டினார் என்று வில்லியம் பிளேட்ஸ் 1880இல் எழுதியிருக்கிறார். பொல்லாத புத்தகக் கொலைகாரர் என்கிற அளவுக்குத் திட்டு. ஆனால் 1707 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராண்டில், 'கரடி' என்ற மதுக்கடையில் கூடித் தொல்பொருள் ஆர்வலர் சங்கத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்த மூவரில் ஒருவரும் இவரே!

பழையதைக் காப்பதற்காகச் சங்கம் கூட்டியவர் பழையதைக் கிழிப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈய எழுத்து | திங்கள், காலை 10.40

அம்மா, நான் முப்பத்தாறு வருடம் அச்சுக்கோத்தவன். பேக்ஃபோர்டு என் கட்சிக்காரர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரு கனவு இருந்தது. அச்சுக்கலையின் வரலாற்றை எழுத வேண்டும். அதுவரை ஆங்கிலத்தில் அப்படி ஒரு முழு நூல் கிடையாது. அதை எழுதப் புறப்பட்டவனுக்குத் தலைப்புப் பக்கம்தான் ஜாதகக் கட்டம். அச்சிட்டவர் பெயர், எந்தப் பலகையின் கீழ் கடை, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன எழுத்துரு, எல்லாம் அந்த ஒரு பக்கத்தில். புத்தகத்தை முழுதாக வாங்கிக் குவிக்க அவரிடம் காசு ஏது? ராபர்ட் ஹார்லி, ஹான்ஸ் ஸ்லோன், பிஷப் ஜான் மூர் போன்ற பெரிய மனிதர்களுக்குப் புத்தகம் தேடிக்கொடுத்துக் கிடைத்த கூலியில் பிழைத்தவர். கடைசிக் காலத்தில் சார்ட்டர்ஹவுஸ் அறநிலையத்தின் ஆதரவில்தான் இருந்தார்.

அவருடைய ஆல்பங்களில் தலைப்புப் பக்கம் மட்டும் இல்லை. தாள் மாதிரிகள், புகையிலை சுற்றிய காகிதம், விளம்பரத் துண்டுகள், தெருவில் விற்ற பாட்டுத் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. புகையிலைக் காகிதத்தை எந்த நூலகத்திலிருந்து கிழிப்பது? குப்பையிலிருந்து எடுத்த மனிதர் அவர்.

இன்னொன்று. அந்தக் காலத்து லண்டனில் தலைப்புப் பக்கங்களைக் கூடுதலாக அச்சடித்துத் தூண்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அதுதான் அன்றைய போஸ்டர். பென் ஜான்சன் 1616இல் வந்த தன் கவிதை ஒன்றில், என் புத்தகத்தின் தலைப்பைக் கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டாதே என்று புத்தகக் கடைக்காரரைக் கேட்டுக்கொள்கிறார். ஆகவே, தனியாகக் கிடைக்கும் தலைப்புப் பக்கம் எல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தின் வெட்டுண்ட தலை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கறார்பேர்வழி | திங்கள், பகல் 12.05

ஈய எழுத்து ஐயா, தொழில் பாசம் கண்ணை மறைக்கிறது. தூணில் ஒட்டிய தாள் மழையிலும் வெயிலிலும் போய்விடும். தப்பியவை சொற்பமாகத்தான் இருக்க முடியும். பேக்ஃபோர்டு சேர்த்தவை ஆயிரக்கணக்கில். மிச்சம் எங்கிருந்து வந்தது?

காசில்லை என்பதும் காரணமாகாது. காசில்லாதவன் குறிப்பு எடுத்துக்கொள்ளட்டும்; தாளும் பேனாவும் அன்றைக்கும் இருந்தன.

ஈய எழுத்து | திங்கள், பகல் 12.31

அவர் குறிப்பும் எடுத்தார். எழுத்துப் பிழைகள் மலிந்த குறிப்புகள். பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். அவற்றையும் தாள்களையும் ஹார்லியின் நூலகர் ஹம்ஃப்ரி வான்லி காப்பாற்றி வைத்தார். ஆனால் எழுத்துருவைக் குறிப்பாக எப்படி எடுப்பீர்கள்? 'e' என்ற எழுத்தின் குறுக்குக்கோடு சாய்ந்திருந்தது என்று ஒரு வரி எழுதினால், படிக்கிறவனுக்கு எந்த அச்சகத்து ஈயம் என்று தெரிந்துவிடுமா? ஒளிநகல் இல்லாத காலம் அது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

தேம்ஸ் கரை | திங்கள், இரவு 11.50 (இங்கே மாலைதான்)

நல்ல இழை. பிளேட்ஸ் பெயர் வந்ததால் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். அவரே எழுதியிருப்பதுதான்.

பிளேட்ஸ் தொழில்முறை அச்சகர். இங்கிலாந்தின் முதல் அச்சகரான காக்ஸ்டனைப் பற்றி அன்று அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. 1858இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு பழைய பள்ளியின் நூல்களைப் பார்க்கப் போகிறார். கூரை ஒழுகி, கேட்பாரற்று நனைந்து ஊறிக் கிடந்த குவியலில் ஒரு தடித்த புத்தகம் கையில் வருகிறது. காக்ஸ்டன் அச்சிட்ட, போயித்தியஸ் என்ற பழங்கால அறிஞரின் தத்துவ நூல். அதோடு முடியவில்லை. ஈரத்தில் அட்டை உப்பிப் பிரிந்திருந்தது. அந்தக் காலத்து அட்டை என்பது கழிவுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திய பலகை. பிரித்துப் பார்த்தால் உள்ளே அச்சிட்ட அரைத்தாள்கள் 56. அவற்றில் காக்ஸ்டன் அச்சிட்டதாக அதுவரை யாருக்குமே தெரியாத மூன்று நூல்களின் துண்டுகள் இருந்தன.

அந்தக் கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் அந்த மூன்று நூல்களும் இன்றைக்கும் அட்டைதான்.

நான் சொல்ல வருவது இதுதான். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் பழைய புத்தகம் என்றால் பாதிப் பேருக்கு அது மூலப்பொருள். பைண்டருக்கு அட்டை, மளிகைக் கடைக்குப் பொட்டலம், அடுப்புக்கு எரிபொருள். எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்த பிறகு, அங்கிருந்த நூல்களைக் காலணி துடைக்கவும் மெழுகுவர்த்தித் தாங்கி துலக்கவும் பயன்படுத்தினார்கள் என்று ஜான் பேல் 1549இலேயே நொந்து எழுதியிருக்கிறார். இரண்டு நூலகங்களை நாற்பது ஷில்லிங்குக்கு வாங்கிப் பத்து வருடமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த வியாபாரி ஒருவரையும் அவர் சொல்கிறார். பேக்ஃபோர்டுக்கு அந்தக் கடைகளோடும் பைண்டர்களோடும்தான் அன்றாடப் பழக்கம். பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய ஆல்பங்களைத் தாள் தாளாகப் பார்த்துவிட்டு, பெரும்பகுதி சிதைந்த புத்தகங்களிலிருந்தும் பைண்டர் கழிவிலிருந்தும் வந்தது என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

மூர் மார்க்கெட் | செவ்வாய், காலை 6.20

விடியற்காலையில் படித்ததும் நெஞ்சு நிறைந்தது. பழைய மூர் மார்க்கெட்டில் எடைக்குப் போட்ட குவியலுக்குள் கைவிட்டுத் துழாவியவன் நான். 1985இல் அது எரிந்தபோது அழுதவன்.

தேம்ஸ் கரை தம்பி சொன்ன பொட்டலக் கதைக்கு ஒரு வால். லண்டன் சதக் பக்கம் ஜான் ராட்கிளிஃப் என்று ஒரு சில்லறைக் கடைக்காரர். சாமான் பொட்டலம் கட்டப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவார். கிழிக்கும்போது கண்ணில் பட்டதைப் படித்துப் படித்து, பிறகு கிழிக்க மனம் வராமல் போய்விட்டது. 1776இல் அவர் இறந்தபின் ஏலம் விட்டால் அதில் காக்ஸ்டன் அச்சுகள் மட்டும் ஏறக்குறைய முப்பது! மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நூலகத்துக்கே அங்கிருந்துதான் பல போயின.

படித்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நூலகம் கட்டிய தாமஸ் பாட்லி, நாடகப் புத்தகம், பஞ்சாங்கம் எல்லாம் குப்பை, உள்ளே விடாதே என்று தன் நூலகருக்குக் கடிதம் எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பான முதல் ஃபோலியோவையே வேண்டாமென்று விற்றவர் அவர்.

கறார்பேர்வழி | செவ்வாய், காலை 8.02

மூர் மார்க்கெட் அண்ணா, மன்னிக்கவும். பாட்லி இறந்தது 1613. ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோ வந்தது 1623. இறந்து பத்து வருடம் கழித்து எப்படி விற்பார்?

நாடகம் கூடாது என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் 1610இலேயே லண்டன் அச்சகர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி தன் நூலகத்துக்கு வர ஏற்பாடு செய்தவரும் அவரேதான். முதல் ஃபோலியோ அந்த வழியில்தான் உள்ளே வந்தது, பைண்டு செய்து சங்கிலி போட்டு வைத்தார்கள். 1660களில் மூன்றாம் ஃபோலியோ வந்ததும், புதியது இருக்கப் பழையது எதற்கு என்று கழித்துவிட்டார்கள். 1905இல் ஒரு மாணவர் தன் வீட்டிலிருந்த பழைய புத்தகத்தின் பைண்டிங்கைச் செப்பனிட யோசனை கேட்டு அங்கே எடுத்துவந்தார். பைண்டிங்கைப் பார்த்ததுமே இது நம் பிரதி என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர் 3,000 பவுண்டு தருவதாகச் சொல்லியிருக்க, அடுத்த வருடம் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி அதே விலைக்குத் திரும்ப வாங்கினார்கள்.

மூர் மார்க்கெட் | செவ்வாய், காலை 8.15

தலை வணங்குகிறேன். வருடத்தைக் கோட்டைவிட்டேன். ஆனாலும் பாருங்கள், பைண்டிங்கை வைத்துத்தானே கண்டுபிடித்தார்கள்? அட்டையைக் கழற்றிப் போட்டிருந்தால் போச்சு.

கறார்பேர்வழி | செவ்வாய், காலை 8.19

நானும் அதைத்தான் சொல்கிறேன். அட்டை, நடுத்தாள், தலைப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் ஒரு பிரதி தன் கதையைச் சொல்லும். பேக்ஃபோர்டு ஒட்டிவைத்த தாள்கள் எந்தப் பிரதியிலிருந்து வந்தன என்று இனி யார் சொல்ல முடியும்?

தேம்ஸ் கரை | செவ்வாய், மாலை 5.30

அதற்கு நேரெதிர் ஆள் ஜார்ஜ் தாமசன். செயின்ட் பால் தேவாலய முற்றத்தில் 'ரோஜாவும் கிரீடமும்' பலகையின் கீழ் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1640இன் கடைசியில் தொடங்கி 1661 வரை, உள்நாட்டுப் போரும் மன்னர் தலை உருண்டதுமான அந்த இருபது வருடத்தில், லண்டனில் வெளிவந்த துண்டுப் பிரசுரங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கினார். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல். கிழிக்கவில்லை, தேதி வரிசையில் அடுக்கி பைண்டு செய்தார். பல பிரசுரங்களில் கிடைத்த நாளைப் பேனாவால் எழுதினார். அச்சுச் சுதந்திரம் பற்றி மில்டன் 1644இல் எழுதிய பிரசுரத்தில் நவம்பர் 24 என்ற தேதியோடு 'ஆசிரியர் அளித்தது' என்று லத்தீனில் ஒரு வரி. நான் நுண்படச் சுருளில்தான் பார்த்தேன். மையின் அழுத்தம் கூடத் தெரிகிறது. அந்த ஆண்டு நவம்பரில் மில்டன் இந்தக் கடைக்குள் வந்து போனாரோ என்று ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போர்ப்படை நெருங்கும்போதெல்லாம் பெட்டிகளை ஊர்விட்டு ஊர் அனுப்பியிருக்கிறார். ஒரு சமயம் மேசைகளுக்குப் போலி மேற்பலகை செய்து அதற்குள் ஒளித்தார். 1647இல் சார்லஸ் மன்னரே ஆள் அனுப்பி ஒரு பிரசுரத்தை இரவல் வாங்கினார். வைட் தீவுக்குப் போகும் வழியில் அது சேற்றில் விழுந்துவிட்டது. தாமசன் நடந்ததை அந்தத் தொகுதியிலேயே எழுதிவைத்தார். இரவல் கொடுத்தவனின் வயிற்றெரிச்சல் மன்னர் விஷயத்திலும் போகாது போலிருக்கிறது.

1666இல் இறந்தார். அந்தச் சேகரத்துக்கு ஒரு நூற்றாண்டு வரை சரியான விலை கிடைக்கவில்லை. 1761இல் மூன்றாம் ஜார்ஜ் 300 பவுண்டுக்கு வாங்கி, அடுத்த வருடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஒரு பிரசுரத்துக்கு மூன்றரைப் பென்னி கூட வரவில்லை.

ஈய எழுத்து | செவ்வாய், இரவு 7.10

தாமசனுக்குக் கடை இருந்தது, வண்டி இருந்தது, மேசை இருந்தது. சரி, விடுங்கள்.

சாமுவேல் பீப்ஸ் கிழிக்கவில்லையா? கடற்படைச் செயலர், கேம்பிரிட்ஜில் இன்றைக்கும் அவர் பெயரில் மூவாயிரம் புத்தகத்தோடு நூலகம். ஒரு பென்னிக்குத் தெருவில் பாடி விற்ற பாட்டுத் தாள்களை ஆயிரத்து எழுநூறுக்கும் மேல் சேர்த்தார். ஜான் செல்டன் தொடங்கிய சேகரத்தை வைத்துப் பெருக்கியது. அந்தத் தாள்கள் அகலவாக்கில் நீளமானவை. ஆல்பத்தில் அடங்கவில்லை என்று இரண்டாக வெட்டி, ஓரம் கத்தரித்து ஒட்டினார். ஓரத்தோடு போனது எத்தனையோ. அலமாரியில் புத்தகங்களின் தலை சமமாகத் தெரிய வேண்டுமென்று குட்டைப் புத்தகங்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்த மனிதர் வேறு!

கத்தரித்தவர் கடற்படைச் செயலர் என்றால் சேகரிப்பாளர். செருப்புத் தைத்தவர் என்றால் திருடர். என்ன நியாயம் இது?

கறார்பேர்வழி | செவ்வாய், இரவு 7.44

பீப்ஸ் வெட்டியது தன் காசில் வாங்கிய தாளை. குற்றச்சாட்டு பேக்ஃபோர்டு ஊரார் நூலகத்தில் கைவைத்தார் என்பது. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இன்று மறுபடியும் தேடிப் பார்த்தேன். பிளேட்ஸ் இன்ன நூலகம், இன்ன நூல், இன்ன தேதி என்று ஒன்றையும் காட்டவில்லை. பேக்ஃபோர்டு இறந்து 160 வருடம் கழித்து, ஆல்பங்களைப் பார்த்த கோபத்தில் எழுதியிருக்கிறார். கண்டவர் சாட்சி இல்லை. வழக்கு மன்றத்தில் நிற்காது.

ஈய எழுத்து | செவ்வாய், இரவு 7.51

கறார் தம்பி வாயிலிருந்து இது வந்ததே போதும். இன்று இரவு பாயசம்.

தேம்ஸ் கரை | செவ்வாய், இரவு 10.05

பாயசத்துக்கு முந்திரி. ஜோசப் ஏம்ஸ் (1689–1759) என்று ஒருவர். வாப்பிங் துறையில் வியாபாரம் செய்தவர், பிற்பாடு அதே தொல்பொருள் ஆர்வலர் சங்கத்தின் செயலர். அவரும் ஆயிரக்கணக்கில் தலைப்புப் பக்கங்கள் சேர்த்தவர்தான். பேக்ஃபோர்டு எழுத நினைத்து எழுதாமலே போன அந்த வரலாற்றை 1749இல் வெளியிட்டவர் இவர்தான். பிளேட்ஸ் காலத்து அச்சு ஆய்வு முழுக்க அந்த நூலின் தோளில் ஏறி நிற்பது.

இன்னொரு செய்தி, இழைக்குத் தொடர்பில்லாதது. லண்டன் கிரேஸ் இன் சந்துப் பக்கம் யானை எலும்போடு கிடைத்த ஒரு சிக்கிமுக்கிக் கல் ஆயுதத்தைப் பற்றி முதலில் எழுதியவரும் பேக்ஃபோர்டுதான், 1715இல். ரோமானியர் படையெடுப்பில் வந்த யானை, அதைக் கொன்ற பிரிட்டானியன் கை ஆயுதம் என்று கணித்தார். யானை விஷயத்தில் சறுக்கல்; அந்தக் கல் கற்காலத்தது. மனிதன் செய்த ஆயுதம் என்று பிடித்தாரே, அதுதான் விஷயம். குப்பையில் எதையும் அலட்சியமாகத் தாண்டாத கண்.

நெறியாளர் | புதன், காலை 9.00

கல் ஆயுதங்களுக்குத் தனி இழை இருக்கிறது. தனிமடலில் "என்னிடமும் பழைய தாள்கள் உள்ளன, விலை?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். கேட்டவருடைய முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஈய எழுத்து | புதன், காலை 9.40

உண்மைதான், அம்மா மன்னிக்க வேண்டும். மறுபடி அந்தக் கடைக்குப் போனால் தாளை உறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு நேரே பிடியுங்கள். 1764 என்றால் கையால் வார்த்த தாள், கம்பிச் சல்லடையின் வரிகள் உள்ளே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சந்தேகப்படுங்கள். பிறகு நான்கு ஓரங்களையும் பாருங்கள். மூன்று பக்கம் பழுப்பேறியிருக்கும். தையல் பக்கமான இடது ஓரமும் அதே பழுப்பு, அதே மொரமொரப்பு என்றால் எப்போதோ பிரிந்தது, யார் கையும் இப்போது படவில்லை. இடது ஓரம் மட்டும் நேர்கோடாக, உள்ளே நார் வெள்ளையாக இருந்தால் பிளேடு போட்டது சமீபத்தில்.

மூர் மார்க்கெட் | புதன், காலை 10.15

இதோடு கிரேஞ்சரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் ஆங்கிலேயப் பிரமுகர்களின் வரலாற்றை எழுதினார். அதை வாங்கியவர்கள் அந்தந்தப் பிரமுகரின் படத்தை வேறு புத்தகங்களிலிருந்து வெட்டி அதில் ஒட்ட ஆரம்பித்தார்கள். பேக்ஃபோர்டு வாழ்நாள் முழுக்க வெட்டியிருந்தாலும் அந்தக் கனவான்களின் கத்தரிக்கு ஈடாகாது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. 1867 சட்டப்படி இங்கே அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், குஜிலிப் பாட்டுப் புத்தகம் வரை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1909இல் பார்னெட்டும் போப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துத் தமிழ் நூல்களுக்குத் தனி அட்டவணையே போட்டார்கள். பேக்ஃபோர்டின் புகையிலைக் காகிதம் போய்ச் சேர்ந்ததும் அதே அருங்காட்சியகம்தான்.

ஏட்டுச்சுரைக்காய் | சனி, மாலை 6.25

இன்று போய் வந்தேன். தாளை விளக்கில் பிடித்தேன். கம்பி வரிகள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று ஓரமும் தேநீர் நிறம். இடது ஓரம் அடிக்கோல் வைத்தது போல நேராக, பஞ்சு வெள்ளை.

கடைக்காரரிடம், "இதன் உடம்பு எங்கே?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, சணல் கட்டிய ஒரு கட்டை இழுத்து, நடுவிலிருந்து உருவினார். கன்றுத்தோல் அட்டை, முதுகு வெடித்தது, தலைப்புப் பக்கம் இல்லாத பிரசங்கப் புத்தகம். தலைப்பு இல்லாததால் யாரும் கேட்பதில்லையாம், இருநூறு ரூபாய்.

தொள்ளாயிரம் கொடுத்து இரண்டையும் வாங்கிவிட்டேன். தாளை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன், வெட்டுவாய் அப்படியே பொருந்துகிறது. ஈய எழுத்து ஐயா, இதைத் திரும்பச் சேர்க்க எந்தப் பசை?

ஈய எழுத்து | சனி, மாலை 6.31

கோதுமை மாவுப் பசை, தண்ணீராக. பெவிகால் பக்கம் போகவே வேண்டாம். வேலையைத் தொடங்குமுன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.